மொரீஷியஸைப் பஸ்ஸில் சுற்றுவது: முதல்முறை போகிறவர்களுக்கு

மொரீஷியஸில் இறங்கியதும் கொஞ்சம் பணம் மாற்றிக்கொள்ளுங்கள். அந்த நோட்டுகளை அறைக்குப் போனதும் மேசைமேல் வரிசையாகப் பரப்பிப் பாருங்கள். 25 ரூபாய் நோட்டில் சீன வம்சாவளியைச் சேர்ந்த மொய்லின் ஜான் ஆ-ஷுவென் இருப்பார். 50 ரூபாயில் பிரெஞ்சு வம்சாவளியினரான மோரிஸ் பத்துரோ. 100 ரூபாயில் இருப்பவர் ரெங்கநாதன் சீனிவாசன். தமிழர், வழக்கறிஞர், கல்வி அமைச்சராக இருந்தவர். 200இல் முஸ்லிம் தலைவர் அப்துல் ரசாக் முகமது, 500இல் அரசியல் தலைவர் சுக்தேவ் பிசுந்தயாள், 1000இல் ஆப்பிரிக்க வம்சாவளியினரான கிரியோல் மக்களின் தலைவர் கயேத்தான் துவால், 2000இல் முதல் பிரதமர் சிவசாகர் ராம்கூலம். தொகை முதலில் ஆங்கிலத்திலும், அடுத்து தமிழிலும், அதற்கடுத்து இந்தியிலும் எழுதப்பட்டிருக்கும். 1998இல் வெளியான நோட்டுகளில் இந்தி முன்னே போய்த் தமிழ் பின்னே வந்தபோது அங்கிருக்கும் தமிழர்கள் விடவில்லை. அந்த நோட்டுகள் திரும்பப் பெறப்பட்டு, பழைய வரிசையே மீண்டும் வந்தது.

இப்படிப்பட்ட நாட்டுக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் கடற்கரை விடுதியைவிட்டு வெளியே வருவதில்லை. நானும் முதல்முறை அப்படித்தான் போனேன். வடக்குக் கரையில் ஐந்து நாள் இருந்துவிட்டுத் திரும்பியபோது, கடலைத் தவிர வேறு எதைப் பற்றியும் சொல்ல என்னிடம் எதுவும் இருக்கவில்லை. இரண்டாம் முறை மூன்று வாரம் மேட்டுநில ஊர் ஒன்றில் அறை எடுத்துத் தங்கி, பஸ்ஸில் சுற்றினேன். இந்தக் கட்டுரை அந்த மூன்று வாரத்திலிருந்து வந்தது.

முதலில் நாட்காட்டி, பிறகு டிக்கெட்

முதலில் அந்த ஆண்டின் அரசு விடுமுறைப் பட்டியலைப் பாருங்கள். பிப்ரவரி 1 அடிமை முறை ஒழிப்பு நாள். நவம்பர் 2 இந்திய ஒப்பந்தத் தொழிலாளர்கள் வந்திறங்கிய நாள். தைப்பூசக் காவடி, சீனப் புத்தாண்டு, மகா சிவராத்திரி, உகாதி, ரம்ஜான், விநாயகர் சதுர்த்தி, தீபாவளி, கிறிஸ்துமஸ் எல்லாவற்றுக்கும் நாடு முழுவதும் விடுமுறை உண்டு. சுமார் 12 லட்சம் பேர் மட்டுமே வாழும் ஒரு தீவில் இத்தனை பேருடைய நாளும் எல்லாருடைய நாளாக இருக்கிறது. இவற்றில் ஏதேனும் ஒன்றையாவது ஒட்டி உங்கள் பயணம் அமையட்டும்.

நான் பரிந்துரைப்பது காவடி. ஜனவரி கடைசியிலோ பிப்ரவரியிலோ வரும். கொடியேற்றத்திலிருந்து பத்து நாள் விரதம் இருந்து, பூவும் ஓலையும் மயிலிறகும் கட்டிய காவடியோடு ஆற்றங்கரையிலிருந்து கோயிலுக்கு நடப்பார்கள். அலகு குத்திக்கொள்வோரும் உண்டு. அந்த ஊர்வலத்தில் ஆப்பிரிக்க வம்சாவளியினரையும் சீன முகங்களையும் காவடி தூக்கியபடி பார்க்கலாம். யாரும் அதை விசேஷமாக நினைப்பதில்லை; நமக்குத்தான் கண் விரியும்.

ஆனால் அது கோடையின் உச்சம். ஜனவரி முதல் மார்ச் வரை புயல்கள் அதிகம் வரும் காலமும்கூட. வெயில் தாங்காதவர்கள் மே முதல் அக்டோபர் வரையிலான குளிர்காலத்தைத் தேர்ந்தெடுக்கலாம். ஊட்டியை எதிர்பார்க்க வேண்டாம். இதமான காற்று, அவ்வளவுதான். கியூர்பீப் மட்டும் விதிவிலக்கு. உயரத்தில் இருக்கும் அந்த ஊரில் எந்த மாதத்திலும் தூறல் விழும். குடையை மறக்காதீர்கள்.

மகா சிவராத்திரியை ஒட்டிப் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. தீவின் நாலாபக்கத்திலிருந்தும் வெள்ளை உடையில் மக்கள் லட்சக்கணக்கில் கங்கா தலாவ் என்னும் மலை ஏரிக்கு நடந்தே வருவார்கள். பார்க்க வேண்டிய காட்சிதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த நாட்களில் தெற்கு நோக்கிய சாலைகளில் வண்டி நகராது. வேறு எந்தத் திட்டமும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

தாள்கள், மருந்து, பணம்

சுற்றுலாவுக்குப் போகும் இந்தியர்கள் முன்கூட்டி விசா எடுக்கத் தேவையில்லை. திரும்பும் டிக்கெட்டும் தங்குமிட முன்பதிவும் செலவுக்குப் பணம் இருப்பதற்கான சான்றும் கேட்பார்கள். அச்செடுத்துக் கையில் வைத்திருங்கள். புறப்படுவதற்கு முன் இணையத்தில் நிரப்ப வேண்டிய பயணப் படிவமும் இருக்கிறது. மற்ற நாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் தங்கள் நாட்டுக்கான விதியைத் தனியாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மருந்து விஷயத்தில் கவனம் தேவை. தூக்க மாத்திரை, வலுவான வலிநிவாரணி போன்றவற்றுக்கு அங்கே கடுமையான கட்டுப்பாடு இருக்கிறது. மருத்துவர் சீட்டு இருந்தாலும் முன்அனுமதி வேண்டுமா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். பழம், விதை, செடி எதையும் கொண்டுபோகாதீர்கள். ஊறுகாயும் பொடியும் நினைவாகப் பெட்டியில் வைப்பவர்களுக்கு: தேவைப்படாது. ஏன் என்பதைச் சந்தைப் பகுதியில் சொல்கிறேன்.

பஸ்ஸுக்கும் தெருக்கடைக்கும் சில்லறை வேண்டும். 2024 பிப்ரவரியிலிருந்து இந்திய யூபிஐ அங்கே செயல்படத் தொடங்கியிருக்கிறது. ஆனால் எல்லாக் கடையிலும் இல்லை. அங்கிருக்கும் நேரம் இந்திய நேரத்துக்கு ஒன்றரை மணி பின்தங்கியது. மின்செருகி பிரிட்டிஷ் முறையிலான மூன்று முனை. அதற்கான மாற்றி ஒன்றை எடுத்துச்செல்லுங்கள்.

கடற்கரையில் தங்காதீர்கள்

இதை நான் அழுத்திச் சொல்வேன். காத்ர் போர்ன், ரோஸ் ஹில் ஆகிய மேட்டுநில ஊர்களில் ஒன்றில் வீட்டு அறையோ சிறு விடுதியோ எடுத்துக்கொள்ளுங்கள். வாடகை குறைவு. தலைநகருக்கு மெட்ரோ இருக்கிறது. தீவின் எல்லாத் திசைக்கும் பஸ் பிடிக்கலாம். காலையில் கோயில் மணியும் தேவாலய மணியும் கேட்கும்; சில தெருக்களில் தொழுகை அழைப்பும் கேட்கும். எந்தக் கடற்கரைக்குப் போனாலும் மாலைக்குள் திரும்பிவிடலாம். தீவின் நீளமே அறுபத்தைந்து கிலோமீட்டர்தான்.

பஸ்ஸும் மெட்ரோவும்

மெட்ரோ 2019 இறுதியில் ஒரு பகுதியாகத் தொடங்கி, 2022இல் கியூர்பீப் வரை நீண்டது. போர்ட் லூயி, ரோஸ் ஹில், காத்ர் போர்ன், வாக்குவா, கியூர்பீப் என்று மக்கள் நெருக்கமாக வாழும் ஊர்களைக் கோத்துக்கொண்டு போகிறது. கட்டியது நம் ஊர் லார்சன் அண்ட் டூப்ரோ. ஒரு கார்டு வாங்கிப் பணம் போட்டுவைத்தால் வசதி.

மெட்ரோ போகாத இடங்களுக்கெல்லாம் பஸ். கண்டக்டர் உங்கள் இருக்கைக்கே வந்து டிக்கெட் தருவார். அந்தத் துண்டுத்தாளை இறங்கும்வரை பத்திரமாக வைத்திருங்கள். பரிசோதகர் வழியில் ஏறுவது சாதாரணம். போர்ட் லூயியில் இரண்டு பெரிய பஸ் நிலையங்கள். மேட்டுநிலத்துக்கும் தெற்குக்கும் போகும் வண்டிகள் விக்டோரியா நிலையத்திலிருந்து, வடக்கே போகும் வண்டிகள் இமிகிரேஷன் சதுக்கத்திலிருந்து புறப்படும். நடந்துபோகும் தூரம்தான் என்றாலும், தவறான நிலையத்தில் நின்றால் அரை மணி வீண்.

மாலையில்தான் சிக்கல். கிராமத்து வழித்தடங்களில் ஆறு, ஆறரை மணியோடு பஸ் நின்றுவிடும். தெற்கே சூயாக் பக்கம் ஒரு நாள் கடலைப் பார்த்துக்கொண்டே நின்று, கடைசி வண்டியைத் தவறவிட்டேன். இருட்டிவிட்டது. மூடிக்கொண்டிருந்த கடைக்காரப் பெண்மணி என்னை உட்காரவைத்துத் தேநீர் கொடுத்து, தன் தம்பியை அழைத்துப் பெரிய சாலைவரை கொண்டுபோய் விடச் சொன்னார். பணம் வாங்கவில்லை. எல்லா முறையும் அப்படி ஒருவர் கிடைப்பார் என்று நம்பிக்கொண்டிருக்க முடியாது. போகும்போதே கண்டக்டரிடம் திரும்பும் கடைசி வண்டி எப்போது என்று கேட்டுவிடுங்கள்.

டாக்சி பிடித்தால் ஏறுவதற்கு முன்பே தொகையைப் பேசி முடியுங்கள். கார் வாடகைக்கு எடுப்பவர்களுக்கு நம் ஊர்போலவே இடதுபக்க ஓட்டம். ஜூன் முதல் டிசம்பர் வரை கரும்பு வெட்டும் காலம். சாலையில் கரும்பு லாரிகள் மெதுவாகப் போகும், பொறுமையாக ஓட்டுங்கள்.

கிரியோல் கொஞ்சம்

நாடாளுமன்றம் ஆங்கிலம், செய்தித்தாள் பிரெஞ்சு, வீடும் தெருவும் பிரெஞ்சிலிருந்து உருவான கிரியோல் என்பதுதான் அந்த நாட்டின் மொழிப் பங்கீடு. ஆங்கிலத்தை வைத்து எங்கும் சமாளித்துவிடலாம். ஆனால் கிரியோலில் நான்கு வார்த்தை பேசினால் எதிரில் இருப்பவரின் முகமே மாறுகிறது.

காலையில் "போன்ஸூர்". நலமா என்பதற்கு "கி மனியேர்?" பதில், "கொரெக்". விலை கேட்க "கொம்பியே?" என்று பிரெஞ்சில் இழுக்காமல் "கொமியே?" என்று சுருக்குங்கள். நன்றிக்கு "மெர்ஸி". விடைபெறும்போது "சலாம்", இந்துவும் கிறிஸ்தவரும் சீனரும் அதையே சொல்கிறார்கள். சைவ உணவுக்காரர்கள் "மோ பா மான்ஸ் லாவியான்" என்பதை மனப்பாடம் செய்துகொள்ளட்டும். நான் இறைச்சி சாப்பிடுவதில்லை என்று பொருள். மீனை அவர்கள் தனியாகக் கணக்கிடுவார்கள், "புவாசோன்" வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

முதல் நாள்: போர்ட் லூயி, கால்நடையாக

காலை ஒன்பது மணிக்குள் ஆப்ரவாசி காட் போய்விடுங்கள். துறைமுகத்தை ஒட்டிய பழைய கல் கட்டடம். 1834இல் அடிமை முறைக்கு மாற்றாக இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டுவரத் தொடங்கினார்கள். கல்கத்தா, சென்னை, பம்பாய்த் துறைமுகங்களிலிருந்து வந்த கப்பல்கள் 1849இலிருந்து இங்கே ஆட்களை இறக்கின. சுமார் ஐந்து லட்சம் பேர் இந்தத் தீவுக்கு வந்தார்கள். அவர்கள் ஏறிவந்த பதினாறு கற்படிகள் அப்படியே இருக்கின்றன. 2006இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது. படிகளுக்கு முன் கொஞ்ச நேரம் நில்லுங்கள். சேலம், தஞ்சை, வட ஆற்காடு என்று ஊர்ப்பெயர் எழுதிய பழைய பதிவேடுகள் மோகா ஊரில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன. தங்கள் மூதாதையரின் பெயரைத் தேடி மொரீஷியஸ் மக்கள் இன்றும் அங்கே போகிறார்கள்.

இங்கே ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். தமிழர்கள் கூலிகளாக மட்டும் வரவில்லை. அதற்கு நூறு ஆண்டு முன்பே, 1735இல் ஆளுநராக வந்த லபூர்தொனே காலத்தில், புதுச்சேரியிலிருந்து கொத்தனார்களும் தச்சர்களும் வந்து இந்தத் துறைமுக நகரைக் கட்டினார்கள். போர்ட் லூயியின் பழைய சுவர்களைப் பார்க்கும்போது அதை நினைவில் வைத்திருங்கள்.

அங்கிருந்து மத்தியச் சந்தை; அதைத் தாண்டி ராயல் தெருவில் ஜும்மா பள்ளிவாசல். தொழுகை நேரம் தவிர மற்ற நேரத்தில், உடம்பை மூடிய உடையோடு போனால் உள்முற்றத்தில் இருக்கும் பெரிய மரத்தைப் பார்க்க விடுவார்கள். அதே தெருவில் இன்னும் சிறிது நடந்தால் சீனர் தெரு. பிறகு செயின்ட் லூயி பேராலயம், 1812இல் தொடங்கிய ஷான் த மார்ஸ் குதிரைப் பந்தயத் திடல். கால் வலிக்காவிட்டால் குன்றின்மேல் இருக்கும் பழைய பிரிட்டிஷ் கோட்டைக்கு ஏறுங்கள். கோபுரம், மினார், தேவாலயம், துறைமுகம் எல்லாம் ஒரே பார்வைக்குள் வரும்.

மாலையில் சாந்த் குருவா பகுதிக்கு பஸ் பிடியுங்கள். அங்கே லவால் பாதிரியாரின் கல்லறை இருக்கிறது. விடுதலை பெற்ற அடிமைகளுக்காக உழைத்த அவர் 1864 செப்டம்பர் 9 அன்று இறந்தார். அந்த நினைவு நாளுக்கு முதல்நாள் இரவு தீவு முழுவதிலிருந்தும் மக்கள் நடந்து வருவார்கள். இந்துக்களும் முஸ்லிம்களும் மெழுகுவத்தி ஏற்றுவார்கள். அதே வட்டாரத்தில் கைலாசோன் என்று மக்கள் அழைக்கும் சொக்கலிங்கம் மீனாட்சியம்மன் கோயில் இருக்கிறது. இரண்டையும் ஒரே மாலையில் பார்த்துவிடலாம்.

சந்தையில் தமிழ் கேளுங்கள்

காத்ர் போர்னில் புதனும் சனியும் காய்கறிச் சந்தை. காய்கறிக் கடை முன் நின்று விற்பவர் கூவுவதைக் கவனியுங்கள். கறிவேப்பிலையை "காரிபூலே" என்பார். கொத்தமல்லி அங்கே "கொத்தொமிலி". முருங்கைக்கீரை "ப்ரெட் முரூம்", பீர்க்கங்காய் "பிப்பங்காய்". சொல்பவர் தமிழராக இருக்க வேண்டியதில்லை. முஸ்லிமும் சீனரும் கிரியோல்காரரும் இதே சொற்களைத்தான் சொல்கிறார்கள். பேச்சிலிருந்து விலகிப்போன தமிழ் அந்தத் தீவின் காய்கறிக் கூடைக்குள் இருநூறு ஆண்டாக வாடாமல் இருக்கிறது. மூன்று வாரத்தில் நான் கண்டவற்றில் எனக்கு மிகப் பிடித்தது இதுதான்.

சாப்பாட்டுக்குத் தெருக்கடைகளே போதும். தால் புரியை ஜோடியாகத்தான் விற்பார்கள். "என் பேர்" என்று கேட்டால் பருப்புப் பொடி வைத்துச் சுட்ட இரண்டு மெல்லிய ரொட்டிகளில் மொச்சைபோன்ற பயற்றுக் குழம்பும் தக்காளித் தொக்கும் சட்னியும் தடவித் தாளில் சுற்றித் தருவார்கள். காரம் வேண்டாமென்றால் "சான் பிமான்". காலைப் பசிக்கு "கதோ பிமான்", நம் மசால் வடையின் தங்கை. வெண்ணெய் தடவிய பிரெஞ்சு ரொட்டிக்குள் அதை வைத்துச் சாப்பிடுகிறார்கள். முதலில் விநோதமாகத் தெரியும், இரண்டாம் நாள் நீங்களே தேடிப்போவீர்கள். தாகத்துக்கு சப்ஜா விதை மிதக்கும் "அலூதா". சீனக் கடைகளில் வறுத்த நூடுல்ஸ், முஸ்லிம் கடைகளில் பிரியாணி.

தமிழர் வீட்டுத் திருமணத்துக்கோ கோயில் விருந்துக்கோ அழைப்பு கிடைத்தால் எந்தத் திட்டத்தையும் தள்ளிவைத்துவிட்டுப் போங்கள். வாழையிலையில் சோற்றோடு "செத் காரி", அதாவது ஏழு கறி பரிமாறுவார்கள்: பலாக்காய், பூசணி, வாழைக்காய், கத்தரிக்காய் என்று வரிசையாக வரும். கூடவே "ரசோன்" வரும். அது ரசம்தான்.

கோயிலில், தமிழரிடம்

வீராப்பென், முத்துசாமி, பிள்ளை என்ற பெயர்களைக் கடைப்பலகைகளில் பார்த்ததும் நாம் உரிமையோடு தமிழில் பேசத் தொடங்கிவிடுகிறோம். எதிரில் இருப்பவர் தலைகுனிகிறார். பெரும்பாலோருக்குத் தமிழ் பேச வராது; பள்ளியில் விருப்பப் பாடமாகக் கொஞ்சம் எழுதப் படித்திருப்பார்கள். "தமிழரா, தமிழ் தெரியாதா?" என்ற கேள்வியை அவர்கள் வாழ்நாள் முழுக்க நம்மிடமிருந்து கேட்டிருக்கிறார்கள். தயவுசெய்து நீங்களும் கேட்காதீர்கள். "வணக்கம்" சொல்லுங்கள், அது எல்லாருக்கும் தெரியும். பிறகு ஆங்கிலத்திலோ உங்களுக்குத் தெரிந்த கிரியோலிலோ பேசுங்கள். காத்ர் போர்னில் கோர் த கார்த் மலையடிவார முருகன் கோயிலில் ஒரு பாட்டி தேவாரப் பாடலை ரோமன் எழுத்தில் எழுதிய தாளைப் பார்த்துப் பாடிக்கொண்டிருந்தார். பொருள் தெரியுமா என்று நான் கேட்கவில்லை. அவர் குரலே போதுமானதாக இருந்தது.

இன்னொன்று: அங்கே "இந்து" என்றால் பெரும்பாலும் போஜ்புரி பேசிய வட இந்திய வம்சாவளியினரைக் குறிக்கும். "தமிழ்" என்பது தனிச் சமூகத்தின் பெயர். மதத்தின் பெயராகவும் வழங்குகிறது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில்கூடத் தங்கள் மதம் தமிழ் என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆகவே ஒருவரை நீங்களே வகைப்படுத்தாதீர்கள். அவர் தன்னை எப்படிச் சொல்லிக்கொள்கிறாரோ அதையே நீங்களும் சொல்லுங்கள்.

தெற்கும் மேற்கும்

இதற்கு இரண்டு நாள் ஒதுக்குங்கள். ஷமரெலின் வண்ண மண்ணும் கங்கா தலாவின் 108 அடி சிவன் சிலையும் எல்லாருடைய பட்டியலிலும் இருப்பவை. பஸ்ஸில் அவற்றுக்குப் போவது சிரமம், நான்கு பேராகச் சேர்ந்து ஒரு நாள் டாக்சி பேசிக்கொள்வது நல்லது.

லெ மோர்னுக்குத் தனி நாள் வேண்டும். தென்மேற்கு முனையில் கடலிலிருந்து எழும் அந்தப் பாறைமலையில் தப்பியோடிய அடிமைகள் ஒளிந்து வாழ்ந்தார்கள். விடுதலைச் செய்தியைச் சொல்ல வந்த வீரர்களை, பிடிக்க வந்தவர்கள் என்று எண்ணி அவர்கள் மலையுச்சியிலிருந்து குதித்துவிட்டதாகத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவருகிறார்கள். 2008இல் இதுவும் உலகப் பாரம்பரியச் சின்னமானது. ஆப்ரவாசி காட்டைப் பார்த்துவிட்டு லெ மோர்னைப் பார்க்காமல் வந்தால் அந்த நாட்டின் கதையில் பாதியைத்தான் கேட்டதாகும். மலையேறுபவர்கள் விடியற்காலையில் தொடங்குங்கள். மேல்பகுதி செங்குத்து, வழிகாட்டி இல்லாமல் வேண்டாம். கடற்கரையில் மாலை நேரத்தில் யாராவது ராவான் என்னும் ஆட்டுத்தோல் பறையை நெருப்பில் காய்ச்சிக்கொண்டிருந்தால் அருகில் போய் உட்காருங்கள். அடிமைகளின் ஆட்டமான செகா தொடங்கப் போகிறது என்று அர்த்தம்.

குளிப்பதற்குப் பவளத்திட்டு காக்கும் கரைகளை மட்டும் தேர்ந்தெடுங்கள். சூயாக் அருகே கிரி-கிரியில் திட்டு இல்லை; அலை நேராகப் பாறையில் மோதும். பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

புயல் அறிவிப்பு வந்தால்

எச்சரிக்கை ஒன்று முதல் நான்கு வரை படிகளாக வரும். ஒன்று என்றதும் தண்ணீர், ரொட்டி, டார்ச் விளக்கு வாங்கிவைத்துவிடுங்கள். மூன்றாம் படியில் பஸ் நின்றுவிடும், கடைகள் மூடிவிடும். வெளியே போகாதீர்கள். வீட்டுக்காரர் சொல்வதைக் கேட்டு நடந்தால் போதும். அவர்கள் சிறு வயதிலிருந்து இதைப் பார்த்தவர்கள்.

மொரீஷியஸுக்குச் சொந்தமான ரொட்ரீக் தீவை இதே பயணத்தில் ஒரு நாளில் பார்த்துவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். நம்பாதீர்கள். கிழக்கே 560 கிலோமீட்டர், ஒன்றரை மணி நேர விமானப் பயணம். அதற்கு நான்கைந்து நாளாவது தேவை.

புறப்படும் நாள்

முடிந்தால் திங்கட்கிழமைக்குத் திரும்பும் டிக்கெட் எடுங்கள். விமான நிலையத்துக்குப் பக்கத்து ஊரான மாஎபூரில் அன்றுதான் பெரிய சந்தை. காலையில் அங்கே போய் ஒரு ஜோடி தால் புரி சாப்பிட்டுவிட்டு, கரையோரமாக நடந்து, 1810இல் பிரெஞ்சுக்காரர்களும் ஆங்கிலேயர்களும் மோதிய விரிகுடாவைப் பாருங்கள். மாலை விமானமானால் அவசரமில்லை. விமான நிலையம் வழியாகப் போர்ட் லூயி போகும் பஸ் அங்கிருந்தே கிளம்புகிறது. பெட்டி சிறியதாக இருந்தால் அதிலேயே போய்விடலாம். கண்டக்டரிடம் "சலாம்" சொல்லி இறங்குங்கள்.